பறிகொடுத்த வீட்டில் சிரிப்பு வரலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொண்டு தொடங்குகிறேன். எட்டு மாதங்களுக்கு முன் சாலை விபத்தில் மனைவியும் ஐந்து வயது மகளும் போய்விட்டார்கள். நீங்களும் ஒன்பது வயது மகனும் மாமியாரும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். போன வாரம் பால் பொங்கி வழிந்தபோது, அம்மா எப்படிக் கத்துவாள் என்று பையன் நடித்துக் காட்ட, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டீர்கள். மாமியார் எழுந்து வெளியே போய்விட்டார். அன்று இரவு உங்களுக்குத் தூக்கமில்லை. அடுத்த மாதம் மகளின் பிறந்தநாள் வேறு வருகிறது. “இனி நான் சிரிக்கலாமா, நம்பிக்கை என்று ஒன்று திரும்ப வருமா?” என்று முடித்திருக்கிறீர்கள்.

இரண்டு கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: சிரித்துவிட்டால் அவர்களை விட்டுவிட்டேன் என்று அர்த்தமா? இல்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. தமிழ் இலக்கணத்திலும் மனநல ஆராய்ச்சியிலும் இதற்கு இடம் இருக்கிறது.

தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் வெளிப்பட்டுத் தெரியும் உணர்ச்சிகளில், நகை முதலாவது, அதை அடுத்து நிற்பது அழுகை, கடைசியில் வருவது உவகை. சிரிப்பையும் மகிழ்ச்சியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் இரண்டு தனி இனங்களாக வைத்திருக்கிறார்கள். உவகையைச் சொல்லும்போது “அல்லல் நீத்த உவகை” என்று அடைமொழி வருகிறது. துன்பம் நீங்கிய பிறகு வருவது உவகை. நகைக்கு அந்த நிபந்தனை கிடையாது. எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (மடமை) ஆகிய நான்கில் ஏதாவது கண்ணில் பட்டால் போதும், நகை பிறந்துவிடும். உங்கள் வீட்டில் நடந்தது இதில் இரண்டாவது: ஒரு சிறுவனின் பிள்ளைத்தனம். அழுகைக்குச் சொல்லப்பட்ட நான்கு காரணங்களில் ‘இழவு’ ஒன்று. அந்தக் காரணம் உங்கள் வீட்டில் அப்படியே இருக்கிறது, சிரித்ததால் அது எங்கும் போய்விடவில்லை. உங்களுக்கு வந்தது நகை. உவகை வந்ததாக நீங்களே நினைத்துக்கொண்டு உங்களைத் தண்டிக்கிறீர்கள்.

ஆராய்ச்சிப் பக்கம் வருகிறேன். 1997இல் டேக்கர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோ என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், துணையை இழந்து ஏறக்குறைய ஆறு மாதமானவர்களை இறந்தவரைப் பற்றிப் பேசச் சொல்லி, வீடியோவில் பதிந்து, முகத் தசைகளின் அசைவைப் பார்த்தார்கள். உதடு மட்டும் விரிவது மரியாதைச் சிரிப்பு. கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து சுருங்கினால் அது உள்ளிருந்து வருகிற சிரிப்பு. இந்த வேறுபாட்டை 19ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிய பிரெஞ்சு மருத்துவர் துஷேனின் பெயரால் அதை அழைக்கிறார்கள். இறந்தவரைப் பற்றிப் பேசும்போதே அப்படிக் கண் சுருங்கச் சிரித்தவர்களிடம் கோபமும் மனவேதனையும் குறைவாக இருந்தன. சிரித்ததால் வேதனை குறைந்ததா, வேதனை சற்றுக் குறைந்தவர்களால்தான் சிரிக்க முடிந்ததா என்பதை இந்த ஆய்வு தீர்த்துவைக்கவில்லை. அதனால் “சிரித்தால் துக்கம் ஆறும்” என்று யாராவது மருந்து போல எழுதிக் கொடுத்தால் நம்ப வேண்டாம். துக்கத்துக்கு நடுவே சிரிப்பு வருவது கோளாறோ துரோகமோ அல்ல என்பது மட்டும் உறுதி. வலிந்து சிரிக்கும் பயிற்சிகள், பூங்காக்களில் கை தட்டிச் சிரிக்கும் சிரிப்பு யோகா ஆகியவற்றை இப்போது உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பிடித்தவர்கள் செய்யட்டும். துக்கத்தில் இருப்பவரை அங்கே இழுத்துக்கொண்டு போவது பல நேரம் அவரை இன்னும் தனிமைப்படுத்தும்.

“ஐந்து நிலைகள் இருக்கின்றன, நீ இன்னும் மூன்றாவதில்தான் இருக்கிறாய்” என்று யாரேனும் உங்களிடம் சொல்லியிருக்கலாம். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற அந்த வரிசையை 1969இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் எழுதினார். அவர் அதைக் கண்டது சாகப்போகிற நோயாளிகளிடம். பின்னால்தான் அது உறவை இழந்தவர்களுக்கும் பொருத்தப்பட்டது. மனிதர்கள் அந்த வரிசைப்படி துக்கப்படுவதில்லை. நடைமுறைக்குப் பொருந்துவது, நெதர்லாந்தின் உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் இருவரும் 1999இல் முன்வைத்த ‘இரட்டைப் போக்கு’ விளக்கம். இழப்பைப் பார்த்து அழுவது ஒரு பக்கம். ரேஷன் கடை, பள்ளிக் கட்டணம், பால் பாத்திரம் என்று மிச்ச வாழ்க்கையைப் பார்ப்பது இன்னொரு பக்கம். மனம் இந்த இரண்டுக்கும் நடுவே ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. அந்த ஆட்டமே ஆரோக்கியம். ஏதாவது ஒரு பக்கம் ஊஞ்சல் சிக்கி நிற்பதுதான் கவலைப்பட வேண்டியது. எந்நேரமும் அழுவது ஒரு சிக்கல் என்றால், எட்டு மாதமாக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லாமல் ஓவர்டைம் பார்த்துக்கொண்டே இருப்பதும் சிலருக்குச் சிக்கலாக இருக்கலாம். சிரித்த அன்றைய இரவே தூக்கமில்லாமல் தவித்தீர்கள் என்றால் ஊஞ்சல் ஆடுகிறது.

நம் ஊர்ச் சாவு வீடுகள் சிரிப்புக்குப் புதியவை அல்ல. நிறை வயதில் போனால் கல்யாணச் சாவு என்று பறையும் ஆட்டமும் உண்டு, மாமன் மச்சான் முறைக்காரர்களின் கேலி உண்டு. ஒப்பாரியில்கூட இறந்தவரின் கஞ்சத்தனத்தை இடித்துப் பாடி, அழுதுகொண்டிருப்பவர்களைச் சிரிக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த அனுமதி வயதானவரின் சாவுக்குத்தான். அகால மரணத்துக்கு, அதுவும் குழந்தைக்கு, மரபு எந்தக் கேலியையும் வைத்துவிட்டுப் போகவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும், அதற்குப் பிறகு எப்படி நடந்துகொள்வது என்று சொல்ல ஆளில்லை. உங்கள் குற்ற உணர்ச்சியில் ஒரு பங்கு இந்த வெற்றிடத்திலிருந்து வருகிறது. “இடுக்கண் வருங்கால் நகுக” என்று உறவினர் யாராவது சொல்லிவிட்டுப் போயிருந்தால் அதையும் மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அந்தக் குறள் பொருட்பாலில் ஆள்வினையுடைமைக்கு அடுத்த அதிகாரத்தில் இருக்கிறது. எடுத்த காரியத்தில் இடையூறு வந்தால் தளராதே என்று உழைப்பவனுக்குச் சொன்ன பேச்சாகத்தான் அதை நான் படிக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவன் சிரித்தாக வேண்டும் என்று வள்ளுவர் கட்டளை போடவில்லை. துக்க வீட்டுக்குப் பொருந்துகிற பாட்டு வேண்டுமென்றால் புறநானூற்றின் 194ஆம் பாட்டு இருக்கிறது. ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. இப்படி ஒரு உலகத்தைப் படைத்தவனைப் பக்குடுக்கை நன்கணியார் ‘பண்பிலாளன்’ என்று வைகிறார். சாமி படத்தைப் பார்க்கும்போதெல்லாம் உங்களுக்குக் கோபம் வருகிறது என்று எழுதியிருந்தீர்களே, அதற்கும் இரண்டாயிரம் ஆண்டுத் துணை இருக்கிறது.

இனி என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். துக்கத்துக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். மாலை ஆறு மணி என்று வைத்துக்கொள்வோம். போனில் இருபது நிமிடம் டைமர் வைத்துவிட்டு, தினமும் ஒரே இடத்தில், படத்தின் முன்னாலோ மனைவியின் புடவையைக் கையில் வைத்துக்கொண்டோ உட்காருங்கள். அழலாம், பேசலாம், திட்டலாம், சும்மாவும் இருக்கலாம். மணி அடித்ததும் முகம் கழுவிவிட்டு, கைக்கு வேலை தருகிற ஒன்றைப் பத்து நிமிடம் செய்யுங்கள். கீரை ஆயலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். சின்ன வெங்காயம் உரிப்பது உத்தமம், கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் தயாராக இருக்கும். இருபது நிமிடம் என்ற கணக்கு நிரூபிக்கப்பட்ட மருந்தளவு அல்ல. தொடங்கவும் முடிக்கவும் தோதான அளவு, அவ்வளவுதான். இதில் வழக்கமாக நடக்கும் தவறுகள் மூன்று. ராத்திரி படுக்கப்போகும் நேரத்தில் வைத்துக்கொள்வது முதல் தவறு, அது தூக்கத்தைத் தின்றுவிடும். நேற்று தவறிவிட்டது என்று இன்று இரட்டிப்பாக உட்காருவது இரண்டாவது. மூன்றாவது, அந்த நேரத்தில் போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போவது. அதற்கு அடி கிடையாது, இருபது நிமிடம் இரண்டு மணி நேரமாகிவிடும். பகலில் நினைவு வந்து அழுத்தும்போது “ஆறு மணிக்கு வருகிறேன்” என்று மனதுக்குச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர முடிகிறதா என்று பாருங்கள். முதல் வாரம் முடியாது. இரண்டு மூன்று வாரத்தில் சில நாட்களாவது முடிய ஆரம்பிக்கும்.

அடுத்தது ஒரு நோட்டுப் புத்தகம். உங்கள் மனைவி சொன்ன வேடிக்கைகள், வசவுகள், மகள் தப்பாக உச்சரித்த சொற்கள் எல்லாவற்றையும் அவர்கள் பேசிய பேச்சுத் தமிழிலேயே எழுதி வையுங்கள். பால் பொங்கியதற்கு என்ன சொல்லிக் கத்துவாரோ அதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுங்கள். சம்பவம் ஞாபகத்தில் நிற்கும், சொன்ன வார்த்தைகள்தான் முதலில் நழுவும். பையனையும் எழுத விடுங்கள், பிழை திருத்தாதீர்கள். உறவினர்களிடம் “அவளைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் “தங்கமான பொண்ணு” என்பதோடு நின்றுவிடுவார்கள். “அவளிடம் நீங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டது எப்போது?”, “சமையலில் அவள் சொதப்பியது என்ன?” என்று குறிப்பாகக் கேளுங்கள். கதை வரும், சிரிப்பும் வரும். இறந்தவரோடு உள்ள பந்தத்தை அறுத்துவிட்டு முன்னே போக வேண்டும் என்ற பழைய கருத்தைத் துக்கத் துறை 1990களிலேயே பெருமளவு கைவிட்டுவிட்டது. பந்தம் தொடரலாம், அதன் வடிவம்தான் மாறும்.

குரல் பதிவுகள் விஷயத்தில் தாமதிக்காதீர்கள். மனைவி அனுப்பிய வாட்ஸாப் குரல் செய்திகளை உங்கள் போனிலிருந்து இன்றே எடுத்து, ஒரு பென்டிரைவிலும் இன்னொரு இடத்திலும் வையுங்கள். அவருடைய சிம் 90 நாட்களுக்கு மேல் ரீசார்ஜும் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் நிறுவனம் எண்ணை முடக்கிவிடலாம், பிறகு அது வேறு ஒருவருக்குப் போய்விடும். 120 நாள் இயங்காத வாட்ஸாப் கணக்கும் பொதுவாக நீக்கப்படும். எட்டு மாதம் ஆகிவிட்டதால், ஒருநாள் அவர் எண்ணில் முன்பின் தெரியாத ஒருவரின் படம் தோன்றக்கூடும். எதிர்பாராமல் அதைப் பார்ப்பது பெரிய அடி. எண்ணின் பெயரை மாற்றிச் சேமித்து வைப்பதும், பையனுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதும் நல்லது. உடைகளையும் பொம்மைகளையும் உடனே கொடுத்துவிட வேண்டியதில்லை. வைத்துக்கொள்வது, கொடுப்பது, பிறகு முடிவெடுப்பது என்று மூன்று பெட்டி போடுங்கள். மூன்றாவது பெட்டிதான் பெரிதாக இருக்கும், இருக்கட்டும்.

நகைச்சுவையில் எது நல்லது, எது கெட்டது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கனடாவின் உளவியலாளர் ராட் மார்ட்டின் 2003இல் நகைச்சுவையை நான்கு பாணிகளாகப் பிரித்தார். பிறரோடு சேர்ந்து சிரிப்பது, தனக்குத் தானே தெம்பூட்டிக்கொள்வது, பிறரைக் குத்துவது, தன்னைத் தானே தாழ்த்திக்கொள்வது. கடைசிப் பாணியில்தான் கவனம் வேண்டும். “நான் தொட்டது எது விளங்கியிருக்கு?” என்று சிரித்துக்கொண்டே சொல்வது வெளியே நகைச்சுவை, உள்ளே தீர்ப்பு. சிரித்து முடித்ததும் மூச்சு சற்று இலகுவாகிறதா, அல்லது நீங்கள் இன்னும் சிறுத்துப்போனது போல் இருக்கிறதா என்று பாருங்கள். இலகுவானால் அது எவ்வளவு கறுப்பு நகைச்சுவையாக இருந்தாலும் பரவாயில்லை. காரியத்துக்கு வந்த ஐயர் பெயரை மாற்றிச் சொன்னது, துக்கம் கேட்க வந்தவர் இரண்டாவது பந்தியில் வடை இல்லை என்று கோபித்துக்கொண்டது, இவையெல்லாம் சிரிப்புக்குரியவைதான். யார் ஆரம்பிக்கலாம் என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. இழப்பின் நடுவில் நீங்களும் பையனும் மாமியாரும். அதைச் சுற்றி அண்ணன் தம்பி, அக்கா தங்கை. அதற்கும் வெளியே அலுவலகம், அக்கம்பக்கம். நடுவிலிருப்பவர் வெளியே பார்த்து எந்தக் கேலியும் செய்யலாம். வெளியே இருப்பவர் உள்ளே பார்த்து ஆரம்பிக்கக் கூடாது. சிரிப்புக்குச் சிரிப்பால் பதில் சொல்லலாம், அவ்வளவுதான். “பரவாயில்லையே, தேறிட்ட போல” என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அடுத்த ஆறு மாதத்துக்கு அவர் முன்னால் சிரிக்கவே உங்களுக்கு வாய் வராது.

மாமியாரை இந்தப் படத்தில் வெளியாளாகப் பார்க்காதீர்கள். அவருக்குப் போனது மகளும் பேத்தியும். உங்கள் ஊஞ்சல் ஒரு பக்கம் இருக்கும்போது அவருடையது மறுபக்கம் இருக்கிறது. அவர் எழுந்து போனது கோபத்தாலா, அந்தக் குரலை அப்படியே பேரன் வாயில் கேட்டதாலா என்பது அவரைக் கேட்காமல் தெரியாது. நீங்கள் கோபம் என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கென்னவோ இரண்டாவதாக இருக்கவும் சம வாய்ப்பு உண்டு என்று தோன்றுகிறது. அவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, “அத்தை, அன்னிக்கு நாங்க சிரிச்சது உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும். அவளை மறந்து சிரிக்கல, அவளை நினைச்சுத்தான் சிரிச்சோம்” என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். விளக்கம் நீள வேண்டாம். அவர் அழுதால் உடன் இருங்கள். அவரும் ஒரு கதை சொன்னால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பையன் விஷயத்தில் இன்னும் உறுதியாகப் பேச முடியும். குழந்தைகள் மழைநீர்க் குட்டையில் குதிப்பதுபோலத் துக்கத்துக்குள் குதித்து, நனைந்து, ஓடிவிடுவார்கள். அழுது பத்து நிமிடத்தில் கிரிக்கெட் மட்டையைத் தேடுவது கல்நெஞ்சம் அல்ல, அந்த வயதின் இயல்பு. சாவு திரும்பி வராத ஒன்று என்பது ஒன்பது வயதில் புரியும். எனவே “அம்மா ஊருக்குப் போயிருக்காங்க”, “தங்கச்சி தூங்குறா” போன்ற மூடுசொற்கள் வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு இவை தூக்கத்தின் மீதே பயத்தை உண்டாக்கும். “இறந்துட்டாங்க” என்றே சொல்லுங்கள். அவன் இப்போது உங்கள் முகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறான். சிரித்துவிட்டு நீங்கள் சட்டென்று இறுகிப்போனால், அம்மா பேச்சை எடுத்தால் அப்பாவுக்கு வலிக்கும் என்று கற்றுக்கொள்வான், பிறகு எடுக்கவே மாட்டான். அன்று இறுகிவிட்டீர்கள் என்றால் இன்றைக்கும் சரிசெய்யலாம்: “அன்னிக்கு நீ செஞ்சது ரொம்ப நல்லா இருந்துச்சுடா. அப்புறம் அம்மா ஞாபகம் வந்து அழுகை வந்துச்சு. ரெண்டும் வரும், தப்பில்ல.” பள்ளி ஆசிரியரிடம் நடந்ததைச் சொல்லி வையுங்கள். மதிப்பெண் சரிவது, வயிற்றுவலி என்று அடிக்கடி சொல்வது, நின்றுபோயிருந்த, படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்ப வருவது ஆகியவை சில மாதங்களுக்கு இருக்கலாம். தானும் செத்துப்போக வேண்டும் என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னால் காத்திருக்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

நம்பிக்கை என்ற சொல்லை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பழைய வாழ்க்கை அளவுக்கு ஒரு எதிர்காலம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் நம்பிக்கை என்றால், எட்டாம் மாதத்தில் அது யாருக்கும் தெரியாது. சார்ல்ஸ் ஸ்னைடர் என்ற உளவியலாளர் நம்பிக்கையை மூன்றாகப் பிரித்தார்: எட்ட ஒரு குறி, அதற்குப் போக வழி, போக முடியும் என்ற எண்ணம். இந்தக் கணக்கில் “வருகிற புதன்கிழமை பையனோடு முடிவெட்டப் போவது” ஒரு முழு நம்பிக்கை. ஞாயிறு இரவு, அடுத்த ஏழு நாளுக்குள் செய்யக்கூடிய மூன்று காரியங்களை எழுதுங்கள். ஒன்று கடமை, ஒன்று உடம்புக்கு, ஒன்று பையனோடு. மூன்றில் இரண்டு நடந்தால் நல்ல வாரம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தங்கள் மூன்று குழந்தைகளையும் பறிகொடுத்த நாகப்பட்டினத்துத் தம்பதி, பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சேர்த்து வளர்க்கத் தொடங்கி, அந்த இல்லத்துக்கு ‘நம்பிக்கை’ என்றே பெயர் வைத்தார்கள். இதை உங்களுக்கு இலக்காகச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட கதைகளைப் பிறர் உங்கள் முன் நீட்டும்போது “நான் இன்னும் எதுவும் செய்யவில்லையே” என்று தோன்றும். அதற்காகவே எடுத்தேன். முடிவெட்டப் போவதும் அதே இனம்தான்.

காகித வேலைகளையும் இந்தக் கணக்கில் சேருங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், விபத்து இழப்பீட்டு மனு. இரண்டு உயிருக்கும் இழப்பீட்டுக் கோரிக்கை தனித்தனி. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. “அவங்க உயிருக்குப் பணம் வாங்குறதா” என்று தள்ளிப்போட்டிருந்தால், கெடு தாண்டிவிட்டது என்று நீங்களே முடிவு செய்யாமல், இந்த வாரமே மோட்டார் விபத்து வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரைப் பாருங்கள். மைனர் பையனின் பங்கை அவன் பதினெட்டு வயதாகும்வரை வங்கியில் போட்டுவைக்கத் தீர்ப்பாயங்கள் வழக்கமாக உத்தரவிடும். அது அவன் படிப்புக்கு ஆகும்.

உடம்பைப் பற்றிச் சில வரிகள். துணையை இழந்த ஆண்களுக்கு முதல் ஆறு மாதங்களில் இறப்பு விகிதம் கூடுவது பல நாடுகளில் காணப்பட்டிருக்கிறது, அதற்குப் பிறகும் கவனம் வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தியிருந்தால் திரும்பத் தொடங்க மருத்துவரைப் பாருங்கள். பெருந்துக்கத்தில் இதயத் தசை திடீரெனச் சோர்ந்து மாரடைப்பு மாதிரியே வலி வரும் நிலை ஒன்று உண்டு. 1990இல் ஜப்பானில் விவரிக்கப்பட்டதால் அங்கே ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரால் ‘டாக்கோட்சுபோ’ என்கிறார்கள். மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களுக்குத்தான் அதிகம். உங்கள் மாமியார் நெஞ்சு அடைக்கிறது என்றால் “துக்கம்தான், சரியாகிவிடும்” என்று விடாமல் ஈசிஜி எடுத்துவிடுங்கள். தூக்கத்துக்காகக் குடிக்க வேண்டாம். மது முதல் சில மணி நேரம் தூங்க வைத்துவிட்டு மூன்று மணிக்கு எழுப்பிவிடும், அந்த மூன்று மணிதான் துக்கத்தில் மிக மோசமான நேரம். கடையில் சொந்தமாக வாங்கிப் போடும் தூக்க மாத்திரை சில வாரங்களில் பழக்கமாகிவிடும். எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது, வெயிலில் இருபது நிமிடம் நடப்பது, பசி இல்லாவிட்டாலும் மூன்று வேளை தயிர் சாதமாவது சாப்பிடுவது, இந்த அளவு போதும். மனைவியின் குரல் கேட்டது, கொலுசுச் சத்தம் கேட்டது என்றால் பைத்தியம் பிடிக்கிறது என்று பயப்படாதீர்கள். 1971இல் வேல்ஸில் ட்யூவி ரீஸ் என்ற மருத்துவர் துணையை இழந்த 293 பேரைக் கேட்டபோது, ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்படிப்பட்ட அனுபவம் இருந்தது.

“இது இயல்பான துக்கமா, நோயா?” என்ற கேள்விக்கு, எழுத்தில் படித்துவிட்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. நீடித்த துக்கக் கோளாறு என்று இப்போது ஒரு பெயர் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஆறு மாதம் என்கிறது, 2022இன் அமெரிக்க மனநலக் கையேடு பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்கிறது. கோடு எங்கே என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. காலத்தைவிட நிலைமைதான் முக்கியம். நாள் முழுக்க ஏக்கம் விடாமல் பிடித்திருப்பது, அவர்கள் இறந்ததையே நம்ப முடியாமலிருப்பது, வேலையும் பிள்ளையும் கைவிட்டுப்போவது, விபத்துக் காட்சி விழித்திருக்கும்போதே கண்முன் ஓடுவது. இவை மாதக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். துக்கத்துக்கென்றே வகுத்த பேச்சுச் சிகிச்சை உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் கேத்தரின் ஷியர் வடிவமைத்தது சுமார் 16 அமர்வுகள். மனச்சோர்வு மாத்திரை மட்டும் துக்கத்தைத் தீர்ப்பதில்லை, சோர்வு சேர்ந்திருந்தால் உதவும். துக்கப்படும் எல்லோருக்கும் கவுன்சலிங் தேவையில்லை, சிக்கிக்கொண்டவர்களுக்குத்தான் அது பெரிதும் பயன்படுகிறது.

“நானும் அவர்களோடு போயிருக்கலாம்” என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஏக்கம் பலருக்கும் வரும். எப்படி, எப்போது என்று மனம் திட்டம் போட ஆரம்பித்தால் அது வேறு விஷயம். அன்றே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள், பூச்சிமருந்து, மாத்திரைகளை வீட்டிலிருந்து வெளியேற்றச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் எந்நேரமும் தமிழில் பேசலாம், தமிழ்நாட்டில் 104ம் உண்டு, இலங்கையில் படிப்பவர்களுக்கு 1926. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

கடைசியாக, அடுத்த மாதப் பிறந்தநாள். அந்த நாளைவிட அதற்கு முந்தைய வாரம்தான் பெரும்பாலும் கடினம், எனவே இரண்டு வாரம் முன்பே திட்டம் போடுங்கள். ஒரு திட்டம் வெளியே போவதற்கு, ஒன்று வீட்டிலேயே இருப்பதற்கு. எதை என்று அன்று காலை முடிவு செய்தால் போதும். யாரையாவது அழைத்தால் “பாதியிலேயே எழுந்து போய்விடுவேன்” என்று முன்பே சொல்லி வையுங்கள். அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிடுங்கள். கேக் வாங்குவதா வேண்டாமா என்பதைப் பையனிடமும் மாமியாரிடமும் தனித்தனியே கேளுங்கள். ஒருவர் வேண்டும் என்றும் மற்றவர் வேண்டாம் என்றும் சொன்னால், கேக்கை மாலையில் பூங்காவுக்கு எடுத்துப்போய் நீங்களும் பையனும் வெட்டலாம், வீட்டில் மாமியார் விளக்கேற்றட்டும். தங்கச்சி பங்கையும் தானே சாப்பிட்டுவிடுவதாக அவன் சொல்லக்கூடும். தட்டை நீட்டினால் இரண்டு துண்டு வையுங்கள்.